கமெண்ட்டை நிறுத்தி வச்சு விடறதா, விட்டுட்டு அழிக்கிறதா?

பொன்வண்டு:
இங்க நிறைய பேர் சொந்தமா சைட் நடத்துறீங்க, அதான் கேக்கறேன். என் சைட் வேர்ட்பிரஸ்ங்கற மென்பொருள்ல ஓடுது. இப்ப கமெண்ட்டுக்குன்னே ஏகப்பட்ட வசதி வந்திருச்சு, புதுசா வர்றவங்களோட முதல் கமெண்ட்டை நிறுத்தி வைக்கறது, ஏஐ படிச்சுப் பாத்து திட்டற மாதிரி இருந்தா ஒதுக்கி வைக்கறது, லாகின் இல்லாம எழுத விடாம பண்றது, பழைய பதிவுல கமெண்ட்டை தானா மூடறது, நல்ல கமெண்ட்டை மேல பின் பண்றது. எல்லாத்தையும் ஆன் பண்ணிடலாம்னு இருக்கேன். பதிவு எழுதற நேரத்தை விட கீழ குப்பை பொறுக்கற நேரம்தான் ஜாஸ்தியா போகுது. வேணாம்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க, கருத்துச் சுதந்திரம்னு ஒத்தை வரில சொல்லிட்டு ஓடிடாதீங்க.

வெட்டிப்பேச்சு:
நான் வேணாம்னு சொல்றேன், காரணத்தோடயே சொல்றேன். ஒருத்தர் ராத்திரி பன்னண்டு மணிக்கு உங்க பதிவைப் படிச்சிட்டு சூட்டோட சூடா நாலு வரி அடிக்கறார், அனுப்பினதும் "உங்கள் கருத்து அனுமதிக்காகக் காத்திருக்கிறது"ன்னு வருது, நீங்க மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வந்து ஓகே பண்றீங்க. அதுக்குள்ள அவருக்கு என்ன எழுதினோம்னே மறந்திருக்கும். பதிவுக்குக் கீழ சுவாரசியமே வாசகர் ரெண்டு பேர் தங்களுக்குள்ள பேசிக்கறதுதானே, அந்தப் பேச்சு சூடு ஆறிட்டா அப்புறம் யார் வருவா. அதுலயும் பழைய பதிவை மூடறது இருக்கே, அது சுத்த மோசம். மூணு வருஷம் கழிச்சு கூகுள்ல தேடி வந்து "இந்தப் பிரச்சனை எனக்கும் வந்துச்சு, இப்படி பண்ணேன் சரியாயிடுச்சு"ன்னு ஒருத்தர் எழுதுவார் பாருங்க, மொத்த பதிவுக்கும் உருப்படியான கமெண்ட் அதுவாத்தான் இருக்கும். அவர் மூஞ்சில கதவைச் சாத்தணுமா?

கணக்குப்புள்ள:
புதுசுன்னு சொல்றீங்க, இதுல பாதி ரொம்ப பழசு பாஸ். முதல் கமெண்ட்டை நிறுத்தி வைக்கறது வேர்ட்பிரஸ்ல கேக்காமயே ஆன் ஆகித்தான் வரும். ஒரு கமெண்ட்ல ரெண்டு லிங்க் இருந்தா தானா நிறுத்தறதும் அப்படித்தான். பழைய பதிவை மூடற செட்டிங்ல 14 நாள்னு போட்டிருக்கும், ஆனா நம்மளா டிக் பண்ணாத்தான் வேலை செய்யும்.

முதல் கமெண்ட் விஷயத்துல ஒரு ஓட்டை இருக்கு. ஏற்கனவே ஓகே ஆன ஆளான்னு அது எப்படி கண்டுபிடிக்குதுன்னா, லாகின் இல்லாதவங்களுக்கு பேரும் ஈமெயிலும் ஒத்துப் போகுதான்னு மட்டும்தான் பாக்குது, அந்த ஈமெயில் அவரோடதுதானான்னு பாக்கறதில்ல. இது தெரிஞ்சவன் மொதல்ல "அருமையான பதிவு, வாழ்த்துகள்"னு நல்ல பிள்ளையா ஒண்ணு போடுவான், நீங்க உச்சி குளிர்ந்து ஓகே பண்ணுவீங்க, அடுத்ததுல லிங்க்கோட வருவான்.

இன்னொண்ணு, ஸ்பாம்ங்கற விளம்பரக் குப்பை வேற, வசவு வேற. ஸ்பாமுக்கு 2005லயே அகிஸ்மெட்னு ஒரு வடிகட்டி வந்தாச்சு. அதே வருஷம் ஜனவரில கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூணும் சேந்து நோஃபாலோன்னு லிங்க்குக்கு ஒரு குறி கொண்டு வந்தாங்க, கமெண்ட்ல போடற லிங்க்கால தேடல்ல மேல வர முடியாதுன்னு ஆயிட்டா ஸ்பாம் ஒழிஞ்சிடும்னு நினைச்சாங்க. ஒழியல. ஆயிரம் சைட்ல தானா போடற ப்ரோகிராமுக்கு ஒரு செலவும் இல்ல, அவன் ஏன் நிறுத்தப் போறான். இந்த ரெண்டையும் ஒரே பூட்டால பூட்டப் பாக்கறதுதான் இங்க குழப்பமே.

பொன்வண்டு:
ஸ்பாம் எனக்குப் பிரச்சனையே இல்லைங்க, அதை அகிஸ்மெட் பாத்துக்குது. எனக்குப் பிரச்சனை மனுஷங்கதான். தினமும் வந்து யாரையாவது கடிச்சு வைக்கற சில பேர் இருக்காங்க. அதனால நல்லா எழுதிட்டிருந்தவங்க, முக்கியமா பெண்கள், ஒவ்வொருத்தரா எழுதறதை நிறுத்திட்டாங்க. வெட்டிப்பேச்சு சொல்ற அந்த மூணு வருஷம் கழிச்சு வர்றவரைப் பத்தி மட்டும் கவலைப்பட்டா போதுமா, ஓடிப் போனவங்களுக்கு யார் பதில் சொல்றது? சரின்னு வசவு வார்த்தைகளை ஒரு லிஸ்ட் போட்டு வச்சேன், "பன்னி"ல ஆரம்பிச்சு. அதுவும் சரியா வரல.

அரைத்தூக்கம்:
பன்னியை ப்ளாக் பண்ணா பன்னிரண்டும் சேந்து போயிருக்குமே அண்ணே 😂

கணக்குப்புள்ள:
சிரிக்காதீங்க, நெஜமாவே போகும். அந்த லிஸ்ட் முழு வார்த்தையா பாக்காது, எழுத்து வரிசை எங்கயாவது உள்ள இருந்தாலே பிடிச்சிடும். செட்டிங்ஸ் பக்கத்துலயே எழுதியிருக்கான், "பிரஸ்"னு போட்டா "வேர்ட்பிரஸ்"ஸையும் பிடிக்கும்னு. இதுல நம்மாளுங்க பாதி பேர் "ட்ரை பன்னி பாத்தேன்", "ஷேர் பன்னிட்டேன்"னு ரெண்டு சுழிலதான் எழுதறாங்க, ணகரமா னகரமான்னு யார் பாக்கறா. உங்க சைட்ல நன்றி சொல்ல வந்தவன் பூராவும் உள்ள கிடப்பான், திட்ட வந்தவன் நடுவுல ஒரு புள்ளி வச்சு "ப.ன்.னி"ன்னு எழுதிட்டு ஜம்முனு வெளிய நிப்பான்.

வெட்டிப்பேச்சு:
ஏஐ வடிகட்டி மட்டும் என்ன பெருசா கிழிச்சிடும்? நம்ம ஊக்கப் பாராட்டே எப்படி இருக்குன்னு பாருங்க. கொன்னுட்டீங்க, தெறி, மிரட்டல், வெறித்தனம், மரண மாஸ். தமிழைக் கொஞ்சமாப் படிச்ச மாடல்கிட்ட இதைக் குடுத்தா போலீஸைக் கூப்பிடும். அதே நேரம் "நீங்க ரொம்பப் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா" அப்படின்னு தேன் தடவி ஒருத்தன் குத்துவான், அது மரியாதையான கமெண்ட்டுன்னு உள்ள வந்திரும்.

பொன்வண்டு:
கமெண்ட்டை ஏஐயே அழிக்கட்டும்னு நான் சொல்லல. கூகுளோட ஜிக்சா குழு 2017ல பெர்ஸ்பெக்டிவ்னு ஒண்ணு விட்டாங்களே, அது குடுத்தது 0லேர்ந்து 1 வரைக்கும் ஒரு மார்க், படிக்கறவங்களுக்கு இது வெறுப்பேத்தற மாதிரி படறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு. அந்த மாதிரி மார்க்கை வச்சு, காத்திருக்கற கமெண்ட் க்யூவை வரிசைப்படுத்திக்கலாம், மேல இருக்கறதை மொதல்ல பாக்கலாம். நியூயார்க் டைம்ஸ் அதே வருஷம் அப்படித்தான் பண்ணாங்க, கமெண்ட் பாக்கற ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பல, அதே ஆளுங்களை வச்சு முன்ன விட நிறைய கட்டுரைல கமெண்ட்டைத் திறந்து விட்டாங்க.

வெட்டிப்பேச்சு:
அவங்ககிட்ட ஆள் இருக்கு, சம்பளம் குடுக்கறாங்க. உங்ககிட்ட நீங்க மட்டும்தானே.

உண்மைவிளம்பி:
இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? நிஜப் பேரு, லாகின், முடிஞ்சுது. முகமூடி போட்டுக்கிட்டுத்தான் இந்த வீரமெல்லாம், பேரு வெளிய தெரியும்னா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.

வெட்டிப்பேச்சு:
தென்கொரியா இதைச் செஞ்சு பாத்தாச்சு சார். 2007ல சட்டமே போட்டாங்க, பெரிய சைட்ல கமெண்ட் எழுதணும்னா அடையாளத்தை சரிபாத்துட்டுத்தான் எழுதணும்னு. வசவு பெருசா குறையல, ஜனம் வெளிநாட்டு சைட்டுக்குப் போயிடுச்சு. சைட்டுங்க கைல அத்தனை பேர் விவரமும் குவிஞ்சு கிடந்துச்சா, 2011ல ஒரு இடத்துல ஹேக் பண்ணி ஏறத்தாழ மூணரைக் கோடி பேர் விவரத்தைத் தூக்கிட்டாங்க. 2012 ஆகஸ்ட்ல அந்த நாட்டு அரசியல் சாசன கோர்ட்டே சட்டம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் ஃபேஸ்புக்ல சொந்தப் பேரு, சொந்த போட்டோ, கூட குழந்தை போட்டோ வேற வச்சுக்கிட்டு திட்டறவங்களை நீங்க பாத்ததே இல்லையா?

உண்மைவிளம்பி:
பாத்திருக்கேன். அதுக்காக கண்டவனும் கண்ட பேர்ல வந்து எழுதறதை ஒத்துக்க முடியாது. என் சைட்ல லாகின்தான், கமெண்ட் கம்மி, ஆனா நிம்மதி.

அரைத்தூக்கம்:
கமெண்ட்டே இல்லாம இருந்தா இன்னும் நிம்மதி. பாப்புலர் சயின்ஸ் பத்திரிகை 2013லயும் அமெரிக்க வானொலி என்பிஆர் 2016லயும் மொத்தமா மூடிட்டுப் போயிட்டாங்க.

தாழ்வாரம்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நார்வேல என்ஆர்கேபீட்டான்னு ஒரு சைட், 2017ல ஒண்ணு பண்ணாங்க, கமெண்ட் எழுதறதுக்கு முன்னாடி அந்தக் கட்டுரைலேர்ந்தே மூணு கேள்வி வரும், சரியா பதில் சொன்னாத்தான் பெட்டி திறக்கும். தலைப்பை மட்டும் பாத்துட்டு சண்டைக்கு வர்றவங்க அங்கயே வடிகட்டிருவாங்க, கோவத்துல வர்றவங்களுக்கும் கொஞ்சம் நிதானம் வரும்ங்கறது கணக்கு. எனக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிக்கும், ஆனா ஒவ்வொரு பதிவுக்கும் உக்காந்து கேள்வி தயார் பண்ற பொறுமை எனக்கு இல்ல.

அப்புறம் எந்த வசதிக்காகவும் கமெண்ட்டை வெளி சர்வீஸ்ல கொண்டு போய் வைக்காதீங்க, வச்சா அப்பப்ப எக்ஸ்போர்ட் பண்ணி கைல ஒரு காப்பி வச்சுக்கோங்க. கூகுளோட ப்ளாகர்ல பதிவு எழுதிட்டு, அவங்களோட சோஷியல் நெட்வொர்க்கான கூகுள் ப்ளஸ் கமெண்ட்டுக்கு மாறினவங்க கதை தெரியும்ல. 2019ல ப்ளஸ்ஸை மூடினப்ப அந்தக் கமெண்ட்டெல்லாம் பழைய ப்ளாகர் கமெண்ட்டா மாத்தவே முடியாதுன்னுட்டாங்க, பதிவு அப்படியே இருக்கு, கீழ அத்தனை பேச்சும் காணோம். கமெண்ட் பெட்டி குடுக்கற டிஸ்கஸ் சர்வீஸும் 2017 கடைசில ஜீட்டா குளோபல்னு ஒரு மார்க்கெட்டிங் கம்பெனி கைக்குப் போயிடுச்சு, நம்ம வாசகர் விவரம் யாருக்குப் போகுதுன்னு நாமதான் யோசிச்சுக்கணும்.

கணக்குப்புள்ள:
தாழ்வாரம் சொன்னதுக்கு ஆயிரம் லைக். பொன்வண்டு, உங்களுக்கு ஆகாதவங்க சில பேர்தானே? அவங்க ஈமெயிலையும் ஐபி முகவரியையும் நிறுத்தி வைக்கற மாடரேஷன் லிஸ்ட்ல போடுங்க, அவங்களுது மட்டும் நிக்கட்டும். ஐபியைப் போடறப்ப முழுசா போடுங்க, பாதி நம்பர் போட்டா பன்னி கதைதான், சம்பந்தமே இல்லாதவனும் மாட்டுவான். அவங்க பேரு மாத்திட்டு வந்தா முதல் கமெண்ட் க்யூல மாட்டுவாங்க. பழைய பதிவை மூட வேணாம், லாகினும் வேணாம்.

பொன்வண்டு:
லாகின் வேணாம், ஒத்துக்கறேன். பழைய பதிவையும் திறந்தே வைக்கறேன், வெட்டிப்பேச்சு சொன்ன காரணம் சரிதான். ஆனா முதல் கமெண்ட்டை நிறுத்தறதை எடுக்க மாட்டேன். ஒரு வசவு அரை மணி நேரம் வெளிய இருந்தாலும் யாரைத் திட்டியிருக்கானோ அவங்க படிச்சுடறாங்க, அப்புறம் நான் அழிச்சு என்ன புண்ணியம். ரெகுலரா எழுதற ரெண்டு பேருக்கு எடிட்டர் ரோல் குடுத்து க்யூவைப் பாக்கச் சொல்லப் போறேன், நான் தூங்கினாலும் யாராவது பாப்பாங்க.

வெட்டிப்பேச்சு:
எடிட்டர் ரோல் குடுத்தா உங்க பதிவையும் சேத்து அழிக்க முடியும், யாருக்குக் குடுக்கறீங்கன்னு பாத்துக் குடுங்க. நிறுத்தி வைக்கறதுல எனக்கு இன்னும் உடன்பாடு இல்ல. சைட் லிங்க்கைப் போடுங்க, இன்னிக்கு ராத்திரியே புதுப் பேர்ல வந்து ஒரு நல்ல கமெண்ட் போடறேன், எத்தனை மணிக்கு வெளிய வருதுன்னு பாக்கலாம்.