மெத்தை வீட்டுச் சூடும் கரண்ட் கட்டணமும்: எங்கள் எல்லையோர அனுபவம்

பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில், ஆந்திராவின் நகரி எல்லையை ஒட்டிய ஊரில் எங்கள் வீடு இருக்கிறது. மேலே மாடி இல்லாத மெத்தை வீடு, அதாவது கான்கிரீட் தளம் போட்ட வீடு. மேற்குச் சுவர் வெட்டவெளியைப் பார்த்தது. கத்திரி வெயில் காலத்தில் இரவு பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட், பொழுது சாய்ந்த பிறகுதான் அதை மெல்ல உள்ளே விடும் என்பதால், நாங்கள் படுக்கும் நேரமே வீடு அதிகம் புழுங்கும் நேரமாக இருந்தது.

இது புரியாமல் முதலில் ஒன்றரை டன் ஏசி வாங்கினேன். கடைக்காரர் அறையின் நீள அகலத்தைக் கேட்டாரே தவிர, கூரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கோடைக் கணக்கெடுப்பில் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். அந்தத் தொகையைக் கட்டிய பிறகுதான், வீட்டுக்குள் வரும் சூட்டைக் குறைக்காமல் அதை வெளியேற்றுவதற்கே பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

மறு ஆண்டு மாசியிலேயே மேஸ்திரியை அழைத்து மொட்டைமாடியில் வேலை தொடங்கினோம். விரிசல்களை அடைத்து, பாசியைத் தேய்த்துக் கழுவி, சுட்ட சுண்ணாம்புக் கல்லை இரவு முழுவதும் டிரம்மில் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, வெள்ளைச் சிமெண்டும் ஃபெவிகாலும் கலந்துகொண்டோம். வெயில் தாழ்ந்த பிறகு, தளத்தை நனைத்துவிட்டே பூசவேண்டும். சுடும் தளத்தில் அடித்தால் சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்துவிடும். முதல் நாள் பாதித் தளம்தான் முடிந்தது. மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஏறிப் பார்த்தேன்: வெள்ளைப் பாதியில் நிற்க முடிந்தது, சாம்பல் நிறப் பாதியில் ஒரு நொடிகூடக் கால் வைக்க முடியவில்லை. கலக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பூச நேரும். வெப்பத்தைத் திருப்பும் பெயிண்ட் விலை கூடுதல், ஆனால் சில ஆண்டுகள் தாங்கும். எதுவானாலும் தூசி படிந்தால் பலன் குறையும், கழுவவேண்டும்.

மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டினோம். உள்ளே திரை போடுவது அதற்கு ஈடாகாது, ஏனெனில் அதற்குள் வெயில் கண்ணாடியைக் கடந்துவிடுகிறது. பிறகு மூன்று மின்விசிறிகளைக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகைக்கு மாற்றினோம். பழையது சுமார் 75 வாட், புதியது சுமார் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கே இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சமாகும். ஏசியை இப்போது 26 டிகிரியில் வைத்து விசிறியோடு ஓட்டுகிறோம், அதுவும் படுக்கும்போது மட்டும். சென்ற கோடையில் 500 யூனிட்டைத் தொடவே இல்லை.

நகரியிலிருந்து ஒரு பதில்:

ஐயா, முதலில் கூரை, பிறகு ஏசி என்ற உங்கள் வரிசைதான் சரி என்பது என் அனுபவமும். எங்கள் விசைத்தறிக் கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. கான்கிரீட்டைப் போல் காத்திருக்காமல், வெயில் ஏறியவுடனேயே சூடு தலையில் இறங்கும். உட்கூரையாகத் தெர்மகோல் அடிக்கச் சொன்னார்கள். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் எளிதில் தீப்பற்றும் பொருளை வைக்க மனம் ஒப்பவில்லை. மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, உச்சியில் காற்றில் தானே சுழலும் வெளியேற்று விசிறிகள் இரண்டு வைத்தோம். ஷீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து மென்மையாகக் கழுவினால் போதும். ஏறும்போது பலகை போட்டே நடக்கவேண்டும். மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுடுமண் ஓடு, பதிக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள், உங்கள் கருத்து என்ன?

பள்ளிப்பட்டிலிருந்து மறுமொழி:

தம்பி, கான்கிரீட் தளமாயிருந்தால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது நல்லதுதான், நீர்க்கசிவையும் தடுக்கும். ஆனால் எடை அதிகம். பழைய தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள். ஷீட் கூரைக்கு அது ஆகாது.