புதுப்பிப்பு: யோகெரஸின் 39 கோல்களை எப்படிப் படிப்பது?

ஸ்வீடன் முன்கள வீரர் விக்டர் யோகெரஸ், போர்ச்சுகல் கிளப்பான ஸ்போர்ட்டிங்குக்காக 2024-25 லீக்கில் 33 ஆட்டங்களில் 39 கோல், அதனால் 2025 கோடையில் இவரை வாங்கலாம் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். "பெனால்டியைக் கழித்தீர்களா?" என்று பலர் கேட்டீர்கள். சரியான கேள்வி. அங்கே கழிக்கவில்லை.

ஒரு பெனால்டி கோலாகும் வாய்ப்பு எப்படியும் முக்கால் பங்குக்கு மேல். புதிய அணியில் அதை அடிக்க வேறொருவர் இருந்தால் அந்தக் கோல்கள் இவரோடு வராது. ஆகவே முதலில் பெனால்டியை நீக்குங்கள், மீதியை 90 நிமிடத்துக்கு எத்தனை கோல் என்ற கணக்குக்கு மாற்றுங்கள், பிறகுதான் எக்ஸ்ஜி-யோடு (கிடைத்த வாய்ப்புகளின் தரத்தை வைத்து எதிர்பார்க்கப்படும் கோல் கணக்கு) ஒப்பிடுங்கள்.

2024 நவம்பரில் ஸ்போர்ட்டிங் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என வென்ற ஆட்டத்தையே எடுங்கள். யோகெரஸ் அடித்த மூன்று கோலில் இரண்டு பெனால்டி. எனக்கு முக்கியம் முதல் கோல்தான்: சக வீரர் குவெண்டாவின் பாஸ், தன் கோலை விட்டு முன்னேறி நிற்கும் தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஓட்டம், சிட்டி கோல்கீப்பர் எடர்சனின் தலைக்கு மேலே பந்து. அசாத்தியமான ஓட்டம் அது! ஆனால் அப்படி ஓட எதிரணித் தடுப்புக்குப் பின்னால் வெற்றிடம் வேண்டும். பெனால்டி பெட்டிக்குள் பத்துப் பேரை நிறுத்தும் அணிகளிடம் அது கிடைக்காது. அப்படிப்பட்ட ஐந்தாறு ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள், கோல் தொகுப்பு போதாது. கோலுக்கு முதுகு காட்டி வாங்கும் முதல் தொடுதலில் பந்து எவ்வளவு தூரம் விலகுகிறது என்று எண்ணுங்கள்.

வயதும் உண்டு: பிறப்பு ஜூன் 1998. 2025 கோடையில் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் முடியும்போது 32, மறுவிற்பனையில் பெரிதாக எதுவும் தேறாது.

இங்கிலாந்து வேகம் அவருக்குப் புதிதல்ல. கோவென்ட்ரி அணிக்காக 2022-23 சாம்பியன்ஷிப்பில் (இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்) 21 கோல். வாங்கலாம் என்பதில் மாற்றமில்லை, 39 கோலுக்கான விலையில் மட்டும் வேண்டாம்.