வேடந்தாங்கல் போக யோசனை வேண்டும், பைனாகுலருக்கும் சேர்த்து

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் கொரோனா ஞாயிறு ஊரடங்கை எடுத்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் கால் தரிக்கவில்லை. இந்த 2022 சீசன் முடிவதற்குள் ஒரு ஞாயிறு தாம்பரத்திலிருந்து வேடந்தாங்கல் போகலாம் என்றிருக்கிறோம். அப்பாவுக்கு முட்டி வலி, பையனுக்கு ஆறு வயது. கூழைக்கடாவைப் பக்கத்தில் பார்த்தே ஆக வேண்டுமாம் அவனுக்கு.

விடிந்ததும் அங்கே இருப்பது நல்லதா, பறவைகள் கூடு திரும்பும் சாயங்காலமா? ஏரிக்கரையில் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து நடக்க வசதி உண்டா? அப்படியே பக்கத்திலிருக்கும் கரிக்கிலி பறவைகள் சரணாலயத்தையும் பார்த்துவிட முடியுமா, இல்லை பேராசையா?

அப்புறம் முக்கியமான விஷயம். இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்த என் 8x42 பைனாகுலரின் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்காதது என் தப்புதான். நானே கழற்றினால் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்காமல் போய்விடுமோ என்று பயம். சென்னையில் இதைப் பிரித்துச் சுத்தம் செய்பவர்கள் யாரையாவது தெரியுமா? செலவு எவ்வளவு ஆகும்? புதிதுதான் கதி என்றாலும் சொல்லிவிடுங்கள், மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.