ஜிஎல் 350 பின்பக்க ஷாக் போய்விட்டது, ஏர் சஸ்பென்ஷனையே மொத்தமாக மாற்றணுமா?

ஏலத்தோட்டம்_கம்பம்:

வணக்கம். வீடு கம்பத்தில், தோட்டம் வண்டன்மேட்டுப் பக்கம். வண்டி 2011 மெர்சிடிஸ் ஜிஎல் 350, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, நாலு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. வண்டிக்கும் வயதாகிவிட்டது, ஓடுகிற ரோடும் அப்படி, அதனால் தேய்மானம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

கம்பம்மெட்டு ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை. இறங்கும்போதுதான், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் வைத்தால் பின்பக்கம் தொட்டில் மாதிரி ஆடி அடங்க நேரமாகிறது. தோட்டத்து மண் ரோட்டில் அலை அலையாக இருக்கும் இடங்களில் பின்சக்கரம் தரையை விட்டுத் தத்துகிறது, அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தால் கைப்பிடியை விடுவதே இல்லை. ஆனால் ராத்திரி நிறுத்திய உயரம் காலையிலும் அப்படியே இருக்கிறது, டிஸ்பிளேயில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியை லிஃப்டில் ஏற்றாமலே, நாலு பக்கமும் மாற்றணும், பைக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரெசரும் மாற்றணும் என்று லட்சங்களில் கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர், ஏரே வேண்டாம், காயில் ஸ்பிரிங் போட்டு நிம்மதியாக இரு என்கிறார். இதில் எது சரி? மழைக்காலம் தொடங்கும் முன் முடிக்க நினைக்கிறேன்.

---

குமுளி_ரோடு:

காயிலுக்கு மாற்றியவன் நான், வண்டி வேறு ஏர் சஸ்பென்ஷன் வண்டி. பை கிழிந்து நடுவழியில் படுத்துவிடுமோ என்ற பயம் போய்விட்டது, மலைப்பாதையில் இருக்கிற நமக்கு அது பெரிய விஷயம். ஓட்டம் கொஞ்சம் விறைப்பு, அது பழகிவிடும். செலவும் குறைவு. யோசித்துப் பாருங்கள்.

---

பட்டறை_தேனி:

தம்பி, அவசரப்பட்டு எதையும் கழற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி காற்றுப் பையுடையது இல்லை, ஷாக்குடையது. காற்றுப் பை வண்டியின் எடையைத் தாங்குகிறது, ஆட்டத்தை அடக்குவது ஷாக். பையில் கசிவு இருந்தால் ராத்திரியில் ஒரு மூலை இறங்கியிருக்கும், அல்லது கம்ப்ரெசர் அடிக்கடி ஓடும் சத்தம் கேட்கும். உங்களுக்கு உயரம் அப்படியே நிற்கிறது.

உங்கள் வண்டியில் இன்னொரு நல்ல விஷயம், முன்பக்கம்தான் பையும் ஷாக்கும் ஒரே ஸ்ட்ரட்டாகச் சேர்ந்திருக்கும். பின்பக்கம் பை தனி, ஷாக் தனி. பையைத் தொடாமல் ஷாக்கை மட்டும் மாற்றலாம். இதைச் சொல்லாமல் நாலு பக்கமும் என்று கொட்டேஷன் கொடுப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, எத்தனை பேர் அதைப் பார்த்து பயந்து நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

முதலில் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக் உடம்பில் லேசாக ஈரம் படிந்து மங்கலாக இருந்தால் அது வழக்கம்தான். ஆனால் ஆயில் வழிந்து, அதில் தோட்டத்து மண் ஒட்டி, விரலால் தொட்டால் கறுப்பு மையாக வந்தால் சீல் போய்விட்டது. அப்புறம் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். மேடு பள்ளமாக, இடைவெளி விட்டு விட்டுத் தேய்ந்திருந்தால் சக்கரம் தத்தியிருக்கிறது என்று அர்த்தம். பையின் மடிப்பிலும் பைப் சேரும் இடத்திலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள், கொட்டேஷனில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

காயில் பற்றி குமுளி அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, பையும் கம்ப்ரெசரும் வால்வும் சேர்ந்து போன வண்டிக்கு அது ஒரு வழி. ஆனால் நல்ல பை நாலு இருக்கும்போது எதற்கு? காயில் போட்டால் தோட்டத்து ரோட்டில் பட்டனை அழுத்தி வண்டியை உயர்த்த முடியாது. ஏலக்காய் மூட்டையும் ஆளும் ஏறினால் பின்பக்கம் தானாக மட்டத்துக்கு வராது. டிஸ்பிளேயில் எச்சரிக்கையும் நிற்கும், அதை மறைக்கத் தனியாக ஒரு வேலை.

---

ஏலத்தோட்டம்_கம்பம்:

அண்ணே, ரொம்ப நன்றி. இன்று பார்த்தேன். இரண்டு பக்கமும் நீங்கள் சொன்ன அதே கறுப்பு மை, இடது பக்கம் ஆயில் கீழ் போல்ட் வரைக்கும் வந்திருக்கிறது. டயரும் உள்ஓரத்தில் மேடு பள்ளம். சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை. ஷாக்கில் ஒரு வயர் செருகியிருக்கிறது, அது என்ன? சாதாரண ஷாக் போட்டால் ஆகாதா? இங்கே டவுனில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் இருக்கிறார், கை சுத்தமானவர், ஆனால் ஏர் சஸ்பென்ஷன் வேலை அதிகம் செய்ததில்லை.

---

பட்டறை_தேனி:

அந்த வயர் ஏடிஎஸ் வால்வுக்குப் போகிறது. ரோட்டுக்குத் தகுந்தபடி ஷாக்கின் இறுக்கத்தைக் கம்ப்யூட்டர் மாற்றுவது அது வழியாகத்தான். வயர் இல்லாத ஷாக் உருவத்தில் பொருந்தலாம், ஆனால் ஃபால்ட் பதிவாகும், சிஸ்டமும் முழுதாக வேலை செய்யாது. சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஏடிஎஸ் உள்ளதைத்தான் கேளுங்கள். பில்ஸ்டைன் மாதிரி நல்ல கம்பெனியில் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றணும், ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் வளைவில் இரண்டும் இரண்டு விதமாக வேலை செய்யும்.

உங்கள் மெக்கானிக்கே செய்யட்டும், ஆனால் சில விஷயங்களை வேலைக்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்த வண்டி பூட்டி நிறுத்தியிருந்தாலும் தானாக உயரத்தைச் சரிசெய்யும். அதனால் சாவி தூரத்தில், கதவெல்லாம் மூடியபடி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துத்தான் யாரும் அடியில் போகணும். இதில் அலட்சியமே கூடாது, ஆள் நசுங்கிவிடும்.

அடுத்து, சக்கரம் தொங்கும்போது அதைப் பிடித்திருக்கும் ஆர்ம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் பிடித்திருப்பது ஷாக். உள்ளே காற்று அழுத்தம் இருக்கும்போது ஷாக் போல்ட்டை எடுத்தால் பை ஆர்மைக் கீழே தள்ளும், பையும் இழுபடும். ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்துத் தாங்கிய பிறகே போல்ட்டில் ஸ்பேனர் வைக்கணும். டயக்னாஸ்டிக் மெஷின் இருந்தால் பின்பக்கக் காற்றை முறையாக இறக்கிவிட்டுச் செய்வது இன்னும் நல்லது. அப்படி இறக்கினால், வேலை முடிந்ததும் சக்கரம் தொங்கும் நிலையிலேயே பைக்குக் காற்று ஏற்றணும், அதற்குப் பிறகுதான் வண்டியைத் தரையில் இறக்கணும். வெறும் பையின் மேல் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை உட்கார வைத்தால் ரப்பர் தப்பாக மடிந்து கிழியும், நல்லாயிருந்த பை அன்றோடு போச்சு.

கீழ் போல்ட்டைத் தொங்கும் நிலையில் கடைசி வரை இறுக்கக் கூடாது. ஆர்மை ஓடும் உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு டார்க் ரென்ச்சால் இறுக்கணும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் பிய்ந்துவிடும். லாக் நட்டுகள் புதுசு போடுங்கள்.

---

செங்கோட்டை_கியூ7:

நான் புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போய் வருகிறவன், வண்டி பழைய ஆடி க்யூ7. படிப்பவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், எங்கள் வண்டியில் பின்பக்கமும் பையும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்தான், அதனால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. தூக்கும் முன் டேஷ்போர்டில் இருக்கும் எம்எம்ஐ திரையில் ஜாக் மோடு போடணும், அப்போதுதான் அது உயரத்தைச் சரிசெய்யாமல் சும்மா இருக்கும். தேனி அண்ணே, அவர் கம்ப்ரெசரை விட்டுவிடலாமா?

---

பட்டறை_தேனி:

விடலாம், ஆனால் அதற்குக் கரண்ட் கொடுத்து நிறுத்தும் ரிலேவைப் பார்க்கணும். ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரெசர் நிற்காமல் ஓடிக் கருகிவிடும், இத்தனூண்டு பொருளால் பெரிய செலவு. இவர் வண்டிக்கு வயதாகிவிட்டதால் ரிலேவை மட்டும் புதுசாகப் போடச் சொல்வேன். இடுக்கிப் பக்க மழையில் காற்றிலேயே ஈரம் அதிகம், கம்ப்ரெசரோடு இருக்கும் ட்ரையர் அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து ஒருநாள் நிறைந்துவிடும், அப்புறம் தண்ணீர் வால்வுக்குள் போகும். கம்ப்ரெசர் வண்டியை உயர்த்த முன்னைவிட நேரம் எடுத்தால் மட்டும் அதைத் திறந்து பார்த்தால் போதும்.

---

ஏலத்தோட்டம்_கம்பம்:

ஷாக் இரண்டும் ரிலேவும் மதுரையில் சொல்லிவிட்டேன், சேசிஸ் நம்பர் வைத்து ஏடிஎஸ் என்று உறுதி செய்துகொண்டார்கள். டயக்னாஸ்டிக் மெஷின் வைத்திருக்கும் சேட்டன் ஒருவர் கட்டப்பனையிலிருந்து வந்து உடன் இருப்பதாகச் சொன்னார். மேடு பள்ளமான அந்த இரண்டு டயரையும் மாற்றணுமா அண்ணே, இல்லை புது ஷாக்கில் சரியாகிவிடுமா?

---

பட்டறை_தேனி:

தேய்ந்தது திரும்ப வராது தம்பி. டயரில் பட்டன் ஆழம் மிச்சம் இருந்தால் கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் உறுமல் சத்தம் இருக்கும், அதைக் கேட்டு வீல் பேரிங் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். உள்ஓரத் தேய்மானம் என்றீர்களே, அதனால் அலைன்மென்டையும் பார்த்துவிடுங்கள். மழையில் மலை இறங்குகிற வண்டி, அம்மாவும் வருகிறார்கள், பணம் ஒத்துவந்தால் மழைக்கு முன்னால் டயரையும் மாற்றிவிடுங்கள்.