ஜிப்ஸியில் கேபிளை எடுத்து ஹைட்ராலிக் கிளட்ச் போட்டேன், ஏர் போகவே மாட்டேன் என்கிறது

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

வணக்கம். என் வண்டி மாருதி ஜிப்ஸி, 1.3 லிட்டர் பெட்ரோல். கேபிள் கிளட்ச்தான் இருந்தது. கேபிள் இரண்டு தடவை அறுந்துவிட்டது. இரண்டாவது தடவை தவளக்குப்பம் ஜங்ஷனில் பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, வண்டியைத் தள்ளித்தான் ஓரம் கட்டினேன். அன்றைக்கே ஹைட்ராலிக் ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் 5/8 அங்குல விட்டம், கிளட்ச் பக்கம் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் 3/4 அங்குலம், இரண்டும் புதிது. ஸ்லேவுக்குக் கனமான தகட்டில் பிராக்கெட் வெட்டி கியர்பாக்ஸ் போல்ட்டிலேயே பிடித்தேன். காற்றைத் திறந்துவிடும் நிப்பிள் சேஸிஸில் இடித்தது. அதனால் ஸ்லேவைப் புரட்டிப் போட்டிருக்கிறேன்.

நான்கு நாளாக ஏர் எடுக்கிறேன். தம்பி பெடலை மிதிப்பான், நான் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூடுவேன். அரை லிட்டர் பிரேக் ஆயில் போய்விட்டது. முதல் மிதியில் பெடல் பாதிவரை சும்மா இறங்குகிறது. நாலைந்து தடவை அடித்தால் கெட்டியாகி கியரும் விழுகிறது. ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி பழைய கதை, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. கீழே செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

வியாழக்கிழமை அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டும். மாஸ்டரை மாற்றிவிடட்டுமா?

பதில் (திருப்பாதிரிப்புலியூர்)

எந்த ஆயில் ஊற்றினீர்கள்? போன வருஷம் திறந்து வைத்த பாட்டில் என்றால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம்ம ஊர்க் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். புது டாட் 3 (DOT 3) ரக பிரேக் ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறியதற்கு 140 டிகிரி போதும். மாஸ்டரையும் ஸ்லேவையும் இணைக்கும் ஓஸ் சைலன்சர் பைப்பை ஒட்டிப் போனால், நெரிசலில் நிற்கும்போது ஆயில் கொதித்துக் குமிழி வந்து, மிதித்தால் பெடல் சும்மா இறங்கும்.

பதில் (வில்லியனூர், பட்டறை வைத்திருக்கிறேன்)

தம்பி, மாஸ்டர் மேல் கை வைக்காதே. அடித்தால் கெட்டியாகி, விட்டால் இளகுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் போயிருந்தால் வேறு மாதிரி இருக்கும்: காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போகும். அப்படிப் போகிறதா?

இன்னும் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்.

ஒன்று, பெடலைத் தொடாமல் நிப்பிளை மட்டும் திற. ஆயில் தானாகச் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால், ஆயில் டப்பாவிலிருந்து மாஸ்டருக்குள் இறங்கும் சின்ன ஓட்டையை பிஸ்டன் மறைத்துக்கொண்டு நிற்கிறது. பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடு நீளமாக இருப்பதுதான் காரணம். பெடல் மேலே இருக்கும்போது ராடு பிஸ்டனைத் தொடாமல் ஒரு மி.மீ. ஆட்டம் வேண்டும்.

இரண்டாவது, ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஸ்லேவ் ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று அள. உன் சைஸுக்கு மாஸ்டரில் 30 மி.மீ. தள்ளினால் ஸ்லேவில் சுமார் 20 மி.மீ. வர வேண்டும்.

மறுமொழி (மஞ்சக்குப்பம்)

அண்ணே, காலை அழுத்தி இரண்டு நிமிடம் வைத்திருந்தேன், பெடல் இறங்கவில்லை. நிப்பிளைத் திறந்து கால் மணி நேரம் பார்த்தேன், சொட்டவே இல்லை. ஸ்லேவ் ராடு 11 மி.மீ.தான் வருகிறது. ஸ்லேவைப் புரட்டியதில் நிப்பிள் அடியிலும், ஓஸ் மேலேயும் இருக்கிறது. இது தப்பா?

பதில் (வில்லியனூர்)

அங்கேதான் சிக்கல். காற்று மேலே ஏறி நிற்கும், நீ அடியில் திறக்கிறாய். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்றுக்குக் கீழேயுள்ள ஆயில்தான் வெளியே வரும். 9 மி.மீ. குறைகிறது இல்லையா, அந்த சிலிண்டர் கணக்குக்கு இரண்டரை மில்லி. ஒரு டீஸ்பூன்கூட இல்லை, அவ்வளவு காற்றுதான் உன்னை நான்கு நாள் படுக்க வைத்திருக்கிறது.

முதலில் லாக் நட்டைத் தளர்த்தி புஷ் ராடைக் குறை. நிப்பிளைத் திறந்தால் சொட்ட வேண்டும், அப்புறம்தான் மற்றது. பிறகு ஓஸைக் கழற்றாமல் ஸ்லேவை மட்டும் பிராக்கெட்டிலிருந்து இறக்கி, நிப்பிள் உச்சியில் வருகிற மாதிரி கையில் பிடி. டப்பாவில் ஆயிலைப் பாதியாகக் குறைத்துக்கொள், இல்லாவிட்டால் பொங்கி வழியும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், தண்ணீர் ஊற்றிக் கழுவு.

இப்போது பிஸ்டனைக் கட்டைவிரலால் மெதுவாக உள்ளே அழுத்து. நிப்பிளில் ஒரு சலைன் டியூபை மாட்டி, நிப்பிளைத் திறந்து ஒரு சிரிஞ்சில் இழு. சலைன் டியூப் கண்ணாடி மாதிரி இருக்கும், குமிழி தெளிவாகத் தெரியும். டியூபில் குமிழி நின்றதும் மூடு. ஸ்லேவ் கையில் இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். தம்பியை வண்டியை விட்டு இறங்கி நிற்கச் சொல்.

ஓஸ் போகிற வழியையும் பார். நடுவில் வில் மாதிரி மேலே ஏறி இறங்கினால் அந்த வளைவிலும் காற்று தங்கும்.

பிராக்கெட்டை மறுபடி வெட்டு, நிப்பிள் மேலே வர வேண்டும். அடுத்த தடவை வாஷர் மாற்றும்போது மறுபடி அவதிப்படாதே.

மறுமொழி (மஞ்சக்குப்பம்)

அண்ணே, நன்றி! ராடை மூன்று சுற்றுக் குறைத்ததும் நிப்பிளில் சொட்ட ஆரம்பித்தது. ஸ்லேவைக் கையில் பிடித்துப் பிஸ்டனை அழுத்தியபோது டப்பாவில் குளுக்கென்று பட்டாணி அளவில் ஒரு குமிழி வந்தது, பின்னாலேயே நுரை போலச் சின்னச் சின்னதாக நிறைய வந்தன. தம்பி டார்ச் அடித்துக்கொண்டு எண்ணினான், பதினேழு வரை எண்ணி விட்டுவிட்டான். ராடு இப்போது 20 மி.மீ. வருகிறது. முதல் மிதியிலேயே கெட்டி, ரிவர்ஸ் சத்தமே இல்லை. பிராக்கெட்டைச் செம்மண்டலத்தில் ஒரு லேத்தில் வெட்டக் கொடுத்திருக்கிறேன், நாளை கிடைக்கும்.

பதில் (வில்லியனூர்)

நல்லது தம்பி. ஒன்று விட்டுப்போச்சு. கேபிள் இருந்தபோது கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க் ஆர்ம் எவ்வளவு நகர்ந்ததோ அதைவிட அதிகம் நகர விடாதே. அதிகம் போனால் கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள் கெட்டுவிடும். பெடலுக்குக் கீழே ஒரு ஸ்டாப்பர் போல்ட் போட்டுக்கொள்.

மறுமொழி (மஞ்சக்குப்பம்)

பழைய கேபிளை இன்னும் வைத்திருக்கிறேன் அண்ணே. அதன் முனையிலுள்ள தேய்மானத் தடத்தை அளந்தேன், 16 மி.மீ. இருக்கிறது. அந்தக் கணக்குக்கு இன்று ராத்திரியே ஸ்டாப்பர் போட்டுவிடுகிறேன். ஜிப்மர் போய் வந்து டப்பாவில் ஆயில் அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.