வேலூரில் கிராவிமீட்டர்: கடலலைத் திருத்தம் போட்டும் 12 மணி நேர ஆட்டம் போகல, அவசரம்

காட்பாடிக்காரன்:
கிராவிமீட்டரை (ஈர்ப்பை அளக்கிற கருவி) 3 நாள் ஒரே இடத்துல ஓடவிட்ட தரவு. நிலா, சூரியன் இழுப்புக்கான திருத்தம் கழிச்சாச்சு. அப்புறமும் 12 மணிக்கு ஒரு தடவை ஏறி இறங்குது. சென்னைக் கடலலையோட பாரம்னு நினைச்சு எஃப்இஎஸ்2014-ங்கிற கடலலை மாடல் போட்டேன், கோடு அசையவே இல்ல. வேற எந்த மாடல் போடணும்? நாளைக்குள்ள முடிக்கணும்.

பாலாற்றுமணல்:
எந்தக் கருவி? உள்ளேயே இருக்கிற நிலா-சூரிய டைடு கரெக்‌ஷன் ஆனா, ஆஃபா? ஆட்டம் எத்தனை மைக்ரோகால் (ஈர்ப்போட சின்ன அலகு), திருத்தத்துக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு?

ஆற்காடு_போர்வெல்:
நிலத்தடி நீரைப் பாருங்க. பாலாற்றுப் பக்கம் காலை, மாலை மோட்டார் ஓடும். 10% துளையிடம் உள்ள மணல்ல நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினா 4.2 மைக்ரோகால் குறையும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னா கணக்கு சரியா வருது.

ஈர்ப்புமானி:
தம்பி, மாடலை மாற்றுவதற்கு முன் அளவுகளை மனதில் வாங்குங்கள். அடிப்படைப் பாடம் இது. வேலூர் கடலிலிருந்து நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. சென்னையில் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூட நீர் ஏறி இறங்குவது 1 மீட்டர் அளவுதான். நீர் நேரடியாக இழுப்பது, பாரத்தில் தரை அமுங்குவது (1 செ.மீ. இறங்கினால் 3 மைக்ரோகால் கூடும்), பூமிக்குள் நிறை இடம் மாறுவது, மூன்றும் சேர்ந்தே இங்கே சில மைக்ரோகால்தான். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டத்தைக் கடல் தலையில் கட்டாதீர்கள். இன்னொன்று: அலை காற்றால் வருவது. நீங்கள் சொல்வது ஓதம், நிலாவும் சூரியனும் இழுப்பதால் நீர் ஏறி இறங்குவது. தலைப்பைத் திருத்துங்கள்.

ஆற்காடு_போர்வெல்:
எங்க ஊர்ல ஓதம்னா சுவத்துல ஏறுற ஈரம் சார். டைடுன்னு எழுதினாலே எல்லாருக்கும் புரியும்.

ஈர்ப்புமானி:
பள்ளிப் புவியியல் புத்தகத்தில் ஓதம் என்றுதான் இருக்கிறது. சொல் பிசகினால் கணக்கும் பிசகும்.

பாலாற்றுமணல்:
சொல் சண்டையைத் தனி இழையில வச்சுக்கலாமே. ஆனா சுவர் ஈரமும் கணக்குல வரும். கருவிக்கு அடியில மண்ணுல 1 செ.மீ. தண்ணி பரவினா 0.42 மைக்ரோகால்.

காட்பாடிக்காரன்:
மன்னிக்கவும். சிஜி-5, உள் திருத்தம் ஆஃப். அமாவாசைக்கு மறுநாள் ஆரம்பிச்சது. திருத்தம் பைத்தான்ல, லாங்மன் 1959 சூத்திரம். உச்சிக்கும் பள்ளத்துக்கும் முன்னாடி 210, பின்னாடி 410.

பாலாற்றுமணல்:
அண்ணா, திருத்தம் போட்டு ஆட்டம் கூடியிருக்கு பாருங்க, விஷயம் அங்கதான். கடல் மாடலை இப்போதைக்கு மூடி வைங்க. சந்தேகம் மூணு.

கருவி நேரம் இந்திய நேரமா இருந்து நிரல் அதை யூடிசின்னு (உலகப் பொது நேரம்) எடுத்திருந்தா 5.5 மணி தள்ளும். எம்2 (நிலாவோட முக்கிய ஓதக் கூறு) சுற்று 12.42 மணி, அதுல 5.5 மணின்னா 159 பாகை. கிட்டத்தட்ட எதிர்க்கட்டம். கழிக்கிறதுக்குப் பதிலா கூட்டின மாதிரி ஆகி, ஆட்டம் 1.97 மடங்கு வரும். 210 அப்படியே 410 ஆகும்.

லாங்மன் சூத்திரத்துல மேற்குத் தீர்க்கரேகைதான் நேர்க்குறி. நம்ம 79.1 கிழக்கை மைனஸ் இல்லாம போட்டா 12 மணி ஆட்டம் முக்கால் மடங்கா நிக்கும், 24 மணி ஆட்டம்தான் இரட்டிக்கும். உங்களுக்கு அப்படி இல்ல.

கழிக்கிற இடத்துல குறி மாறியிருந்தா சரியா 2 மடங்கு. இதுக்கும் நேரப் பிழைக்கும் எண்ணை வச்சு வித்தியாசம் தெரியாது. அதனால திருத்தாத தரவையும் கணிச்ச நிலா-சூரிய இழுப்பையும் ஒரே வரைபடத்துல போடுங்க. அமாவாசையை ஒட்டி நிலா உச்சிக்கு வர்ற நேரம் ஈர்ப்பு குறையணும். வேலூர்ல உச்சிவேளை இந்திய நேரம் சுமார் 12:15. மறுநாள் நிலா இன்னும் 50 நிமிஷம் பிந்தும். தரவுல பள்ளம் மதியம் 1 மணிவாக்குல இருந்து, கணிப்புல பள்ளம் காலை ஏழரைக்கு விழுந்தா நேரம்தான் தப்பு. கணிப்புல அதே 1 மணிக்கு மேடு இருந்தா குறி தப்பு.

ஈர்ப்புமானி:
அது சரி. ஆனால் கடல் பாரத்தைக் கடைசியில் கட்டாயம் சேர்க்க வேண்டும். சுவீடனின் ஆன்சாலா வான்காணகத்தின் இலவசச் சேவையில் ஆயத்தொலைவும் உயரமும் கொடுத்தால் 11 கூறுகளுக்கு வீச்சும் கட்டமும் வரும். கட்டம் கிரீன்விச் அடிப்படையில் இருக்கும், உள்ளூர்க் கட்டமாக எடுத்துவிடாதீர்கள். அலகு நானோமீட்டர்/வினாடி² என்றால் 10ஆல் வகுத்தால்தான் மைக்ரோகால். உங்கள் 3 நாள் தரவில் பொருத்தி எடுக்கவே முடியாது. எம்2, எஸ்2 (சூரியனின் 12 மணிக் கூறு) பிரிய 14.77 நாள் வேண்டும்.

பாலாற்றுமணல்:
காற்றழுத்தமும் எடுத்தீங்களா? 1 ஹெக்டோபாஸ்கல் ஏறினா 0.3 முதல் 0.4 மைக்ரோகால் குறையும். நம்ம பக்கம் அழுத்தம் காலை 10, இரவு 10 மணிவாக்குல உச்சம். அதுவும் 12 மணிச் சுற்றுதான், கடல் பாரத்தோட எஸ்2ல போய் ஒட்டிக்கும். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைத் திருத்திப் பலன் இல்ல.

காட்பாடிக்காரன்:
நேரம்தான். 5.5 கழிச்சதும் 410 போய் 9 ஆச்சு. நன்றி எல்லாருக்கும்.

ஆற்காடு_போர்வெல்:
அந்த 9 நிலத்தடி நீர்தான்.

பாலாற்றுமணல்:
முதல்ல நேர்கோட்டு ட்ரிஃப்டை (கருவி அளவு தானா மெல்ல நகர்றது) எடுங்க, அப்புறம் பேசலாம். பாரோமீட்டர் பதிவு இருக்கா அண்ணா?