கிறிஸ்துமஸ் டப்பாவுக்கு வீட்டு மிட்டாய்: உங்களுக்கு எப்படிப் போச்சு?

பெரம்பூர் அடுக்களை:

எதிர்வீட்டு மாமி தீபாவளிக்கு அதிரசமும் ரிப்பன் பக்கோடாவும் வைத்து அனுப்புகிற எவர்சில்வர் தட்டு எங்கள் வீட்டில் இரண்டு மாதம் விருந்தாளியாகத் தங்கிவிடும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். டிசம்பர் 24 சாயங்காலம் குல்குல், ரோஸ் குக்கி, அரைத்த முந்திரியைப் பாலும் சர்க்கரையும் விட்டுக் கிளறி ரப்பர் அச்சில் அழுத்தி எடுத்த மில்க் கிரீம் எல்லாம் ஏறிய பிறகுதான் அந்தத் தட்டு தெருவைத் தாண்டும்.

அம்மாவுக்கு இப்போது தோள்வலி. மில்க் கிரீம் கிளற முடிவதில்லை. மூன்று வருடம் முன்னால் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் புதுசாகச் செய்கிறேன் பேர்வழி என்று, முந்திரி போட்ட கேரமலைச் சதுரமாக வெட்டி சாக்லேட்டில் முக்கி 14 டப்பா தருவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அந்த டிசம்பரில் பட்டதைச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

முதல் ஈடு. சர்க்கரையும் தண்ணீரும் அடுப்பில். கேசரி கிளறிய கை சும்மா இருக்குமா? கரண்டியை விடாமல் சுற்றினேன். நிறம் மாறப்போகிற நேரத்தில் மொத்தமும் பூத்துப்போய் ஈர மணல் மாதிரி நின்றது. பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்துக் காய்ந்த நாலு பரல் உள்ளே விழுந்தால் போதும், பாகிலுள்ள சர்க்கரையெல்லாம் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை கரைந்ததும் கரண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பாத்திரத்தை லேசாகச் சுழற்றலாம், ஓரத்தை ஈரமான பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். குளுக்கோஸ் சிரப் சேர்த்தால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும். அது இல்லையென்றால் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. குலாப்ஜாமூன் ஜீரா பூக்காமல் இருக்க விடுகிறோமே, அதே வேலைதான்.

இரண்டாவது ஈடு அழகாகத் தேன் நிறத்துக்கு வந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமை அப்படியே கவிழ்த்தேன். 170 டிகிரியில் இருக்கும் சர்க்கரையில் ஜில்லென்ற கிரீம் விழுந்தால் என்ன ஆகும்? சோறு பொங்குவது போலில்லை, பாத்திரமே எகிறிக் குதித்தது. மணிக்கட்டில் ஒரு ரூபாய் அளவுக்குத் தழும்பு இன்னும் இருக்கிறது. எண்ணெய் தெறித்தால் வழிந்து போகும். பாகு ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆளாளுக்குப் பேஸ்ட், மாவு, இங்க் என்று ஓடி வந்தார்கள். பக்கத்து ஃபிளாட்டில் நர்ஸ் ஒருவர் இருந்ததால் பிழைத்தேன். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையை வைத்திரு, வேறு எதையும் தடவாதே என்றார். இப்போதெல்லாம் கிரீமைச் சூடாக்கி, நாலைந்து தடவையாக ஊற்றுகிறேன். பாத்திரமும் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது ஈடு உருப்பட்டது. கணக்குக் கேட்பவர்களுக்கு: 200 கிராம் சர்க்கரை, 80 கிராம் குளுக்கோஸ் சிரப், 150 மில்லி கிரீம், 60 கிராம் வெண்ணெய், ஒரு கை வறுத்த முந்திரி, ஒரு சிட்டிகை உப்பு. கிரீமும் வெண்ணெயும் சேர்ந்த பிறகு திரும்ப 118 டிகிரி வரைக்கும் காய்ச்சினால் கடிக்கும்போது வளையும். 125 தாண்டினால் பல் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான்.

சரி, கேரமல் ஆயிற்று. சாக்லேட்டில்தான் மானம் போனது. காசு செலவழித்து நல்ல கூவர்ச்சர் (கோக்கோ வெண்ணெய் நிறைந்த அசல் சாக்லேட்) வாங்கி, உருக்கி, முக்கி, விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறக் கோடு. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டு மாமி ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூஞ்சை ஏதும் பிடிச்சிருக்கோ கண்ணு?" என்றார்.

பூஞ்சை இல்லை, கோக்கோ வெண்ணெய். அதை உருக்கிச் சும்மா விட்டால் கண்டபடி உறையும், கொழுப்பு மேலே வந்து வெள்ளை பூக்கும். டெம்பரிங், அதாவது உருக்கிப் பதமாகச் சூட்டை இறக்குவது, அதைச் செய்தால்தான் பளபளக்கும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும். டார்க் சாக்லேட்டில் முக்கால் பங்கை 45 டிகிரிக்கு உருக்கி, மீதிக் காலைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளறிக்கொண்டே 31, 32க்கு இறக்க வேண்டும். இதைச் சென்னையில் செய்வதுதான் கூத்து. டிசம்பரிலேயே அடுக்களை 29 டிகிரி. சாக்லேட் உறைய மனசு வைக்காது. இப்போது படுக்கையறையில் ஏசியை 20ல் வைத்து, கட்டில்மேல் பழைய போர்வை விரித்து, அங்கேதான் முக்கல் வேலை. தலையணையில் சாக்லேட் கறை இருந்தால் அது டிசம்பர் என்று என் கணவர் கண்டுபிடித்துவிடுவார்.

குளிர்மலை ராணி:

பெரம்பூர்க் கண்ணு, உன் 118ஐ நம்பி ஊட்டியில் யாரும் செய்துவிடாதீர்கள்!

நான் கல்யாணமாகி இங்கே வந்த முதல் வருடம். தங்கை மதுரையிலிருந்து குறிப்பு எழுதி அனுப்பினாள், தெர்மாமீட்டரும் புதுசு. அவள் சொன்ன டிகிரியில் அச்சு அசலாக இறக்கினேன். அவளுக்கு வந்தது மெத்து மெத்தென்று. எனக்கு வந்தது கருங்கல். மாமனார் மரியாதைக்கு ஒன்றை வாயில் போட்டார். மேல்வரிசைப் பல்செட் மிட்டாயோடு கழன்று வந்தது. அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. மாமியார் மட்டும் உள்ளே போய்ச் சிரித்தார்.

தெர்மாமீட்டர்தான் கோளாறு என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதே. கடைசியில் கெமிஸ்ட்ரி படித்த கொழுந்தன் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் விட்டுப் பார்த்தான். 93. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். அதனால் கீழே 118 என்றால் இங்கே 111ல் இறக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தப் பாகுக் குறிப்பு வந்தாலும் ஏழு டிகிரி கழித்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பேன்.

சாக்லேட் விஷயத்தில் மட்டும் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். டிசம்பரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அதுதான் ஏசி. ஆனால் ஊட்டி ஹோம்மேட் என்று வாங்கிப் போகிறீர்களே, நான் இரண்டு வருடம் வேலை பார்த்த இடத்தில் எல்லாமே காம்பவுண்ட்தான். கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. உருக்கி, பாதாமும் திராட்சையும் போட்டு, தட்டில் கொட்டி, உடைத்து, எடை போட வேண்டியதுதான். டெம்பரிங் தலைவலி கிடையாது. சுவை கொஞ்சம் மெழுகு. குழந்தைகளுக்குக் கொடுக்க அது போதும் என்பது என் கட்சி. 2024 டிசம்பரில் கோக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியபோது கூவர்ச்சர் வாங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கரிசல் பேரன்:

தெர்மாமீட்டர் வேண்டாம் அக்கா, ஒரு கிண்ணம் தண்ணீர் போதும் என்று சொல்ல வந்தேன். ராணியம்மாவின் கதையைப் படித்ததும் அது இன்னும் உறுதியாகிவிட்டது. தண்ணீரில் விட்டுப் பார்க்கிற பதம் ஊட்டியிலும் ஒன்றுதான், கோவில்பட்டியிலும் ஒன்றுதான்.

எங்கள் பெரிய தாத்தா கடலைமிட்டாய் போட்டவர். வெல்லப்பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விடுவார். கரைந்தால் இன்னும் இல்லை. விரலில் உருண்டால் அது அதிரசத்துக்கு. எடுத்துத் தட்டின்மேல் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும், அதுதான் கடலைமிட்டாய்க்கு. அந்தச் சத்தத்துக்கும் பாகு கருகுவதற்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இருக்காது. கடலை அதற்குள் வறுத்து, தோல் புடைத்து, இரண்டாகப் பிளந்து பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். கடலையும் சூடாக இருக்க வேண்டும். ஆறின கடலையைக் கொட்டினால் பாகு அங்கங்கே இறுகிவிடும், கட்டையால் தேய்த்துப் பரப்ப வராது.

2020ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் சென்னை ஆபீஸில் எல்லோரும் என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், என்னவோ நான்தான் வாங்கி வந்த மாதிரி. ஒரு வருடக் கடைசியில் நானே செய்து, பாதிப் பக்கம் டார்க் சாக்லேட்டில் முக்கி, 30 பேருக்குக் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி செய்தேன். சனி, ஞாயிறு விடாத மழை. திங்கள்கிழமை டப்பாவைத் திறந்தால், சாக்லேட் பக்கம் கல்லு மாதிரி இருக்கிறது. முக்காத பக்கம் வியர்த்துப்போய், பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் நூல் வருகிறது. வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், சாக்லேட் பூசின இடத்தில் ஈரம் உள்ளே போக வழியில்லை. அரைகுறையாக அழகு பார்த்ததற்குத் தண்டனை. அடுத்த தடவை முழுசாக முக்கினேன், அடிப்பக்கம் உள்பட. இரண்டு வாரம் மொறுமொறுப்பு போகவில்லை.

வடலி:

கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறேன் அக்கா. நீங்கள் கேரமல் பூத்துவிட்டது என்று அழுகிறீர்கள். எங்கள் மில்க் ரொபி (நீங்கள் சொல்லும் டாஃபி) பூக்காவிட்டால் அம்மா அழுவா!

ஒரு ரின் மில்க்மெய்ட், அரைக் கிலோ சீனி, அரைக் கப் தண்ணீர், கொஞ்சம் பட்டர், உடைத்த கஜு (முந்திரி), வனிலா. அவ்வளவுதான். இதில் கரண்டியை எடுக்கவே கூடாது. கிளறக் கிளறச் சீனி சின்னச் சின்னப் பரலாகத் திரும்பி வரும். சட்டியின் ஓரத்தை விட்டு விலகி வந்ததும் பட்டர் பூசின தட்டில் ஊற்றி, சூடாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். கடித்தால் முதலில் உறுதியாக இருந்து பிறகு வாயில் உதிர வேண்டும். வளைந்தால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பிழைச்ச ரொபி'. அது தட்டுக்கு வராது, அடுக்களையிலேயே முடிந்துவிடும்.

போன வருடம் மகனின் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டேன், சிவப்பு ரிப்பன் எல்லாம் போட்டு. பின்னேரம் அப்படியே திரும்பி வந்தது, ஒரு துண்டுக் கடிதத்தோடு. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொட்டை ஒவ்வாமை, பாடசாலைக்குள் கஜு, கச்சான் (நிலக்கடலை) எதுவும் வரக்கூடாது. எனக்கு அது தெரியும், கடிதம் செப்டெம்பரிலேயே வந்தது. கஜு இல்லாத மில்க் ரொபி என்று ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் விசயம். இந்த வருடம் பூசணி விதை போட்டுச் செய்தேன், புதுச் சட்டியில். பழைய சட்டியில் ஒட்டியிருக்கும் துகளே சிலருக்குப் போதும். பெட்டிக்கு மேல் என்னென்ன போட்டேன் என்று எழுதியும் ஒட்டினேன்.

சோம்பேறி சமையல்:

இவ்வளவு பாடு எதற்கு? பேரீச்சம்பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, வறுத்த பாதாமைச் செருகி, காம்பவுண்ட் சாக்லேட்டில் ஒரு முக்கு. வேலை 40 நிமிடம். கேரமல் வேண்டுமென்றால் அந்தப் பழமே கேரமல்.

ஒரே ஒரு தடவை சொதப்பினேன். இட்லிப்பானையில் தண்ணீர் கொதிக்கவிட்டு மேலே கிண்ணத்தில் உருக்கும்போது, மூடியிலிருந்த தண்ணீர் நாலு சொட்டு உள்ளே விழுந்தது. அரைக் கிலோ சாக்லேட் களிமண்ணாக இறுகிவிட்டது. தூக்கிப் போடவில்லை. சூடான பாலை ஊற்றிக் கலக்கி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஹாட் சாக்லேட் என்று கொடுத்துவிட்டேன். பரிசுதானே அதுவும்!

மாட்டுத்தாவணி:

சென்னையிலிருந்து மதுரை அக்காவுக்கு ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டேன். 36 சாக்லேட் போட்டது, போய்ச் சேர்ந்தது ஒன்று. பெரியது. டப்பாவின் வடிவத்திலேயே இருந்ததாம். அக்கா அதை அரிவாள்மனையில் வைத்து அரிந்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, "நல்லா இருந்துச்சு, ஆனா ஏன் இவ்ளோ பெருசா செஞ்ச?" என்று போனில் கேட்டாள்.

பெரம்பூர் அடுக்களை:

மாட்டுத்தாவணித் தம்பி, அரிவாள்மனையை நினைத்துச் சிரித்து முடியவில்லை. ராணியம்மா, ஏழு டிகிரி கழிக்கும் கணக்கைக் குறித்துக்கொண்டேன், ஊட்டியில் நாத்தனார் இருக்கிறாள். வடலி, நானும் இதுவரை டப்பாவின்மேல் எதுவும் எழுதினதில்லை. நேற்று உட்கார்ந்து 14க்கும் எழுதினேன்: பால், வெண்ணெய், முந்திரி.

இந்த வருடம் ஃபிரிட்ஜில் வைக்காமலே சமாளித்தாயிற்று. போன வருடம் அவசரத்தில் உள்ளே வைத்து எடுத்தேன், வெளியே வந்ததும் வியர்த்து, காய்ந்ததும் சர்க்கரை வெள்ளையாகப் படிந்தது. அது வேறு பூப்பு.

எதிர்வீட்டுத் தட்டில் அம்மா சொன்னபடி மில்க் கிரீமும் வைத்தேன். கிளறினது நான், பதம் சொன்னது நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா. கதவைத் திறந்த மாமி தட்டை வாங்கிக்கொண்டு ஒரு சாக்லேட்டை எடுத்து, இந்த வருடமும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிப் பேத்தியிடம் சொன்னார்: "வாடி, இந்த வருஷம் பூஞ்சை இல்லை."